இருநூறு வயதுக்காரருக்குக் கருமாதி

‘இருநூறு வயது: ஓர் எளிய வழி’ என்ற நூலின் ஏழாம் பதிப்பு வெளியீட்டு விழாவில், மேடையிலேயே, தமது ஐம்பத்தெட்டாம் வயதில், அதை எழுதிய எல்லப்பனார் செத்துப் போனார். செத்துப் போனார் என்று நான்தான் சொல்கிறேன். திருத்தணி நீடுவாழ்வோர் வாசகர் மன்றம் இன்றைய தேதி வரை அப்படிச் சொல்லவில்லை. கேட்டால், “ஐயா ஆழ்ந்த ஓய்வில் இருக்கிறார், ஒன்பதாம் அத்தியாயம் பாருங்கள்” என்பார்கள். எரித்துவிட்டு வந்தீர்களே என்றால் அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். அட்டை கிழிந்தால் புத்தகம் செத்துவிட்டது என்பீர்களா என்று திருப்பிக் கேட்பார்கள். நான் பஜார் தெருவில் லுங்கிக் கடை வைத்திருப்பவன். பெயர் ஜம்புலிங்கம். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் நான் துணி மடிக்கப் போய்விடுவேன்.

அவர் செத்தால் உனக்கென்ன, செத்திராவிட்டால் உனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி சுதாவின் வலது கால் அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

சுதாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டு, அளவாகச் சாப்பிட்டுக்கொண்டு, என்னை அளவில்லாமல் திட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். ஒருநாள் சென்னையிலிருந்து திரும்பும்போது மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், யாரோ ஒரு புண்ணியவதி அந்தப் புத்தகத்தை அவள் கையில் திணித்துவிட்டாள். அரக்கோணம் வருவதற்குள் இவள் பாதியை முடித்துவிட்டாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “ஏங்க, நாம இத்தினி நாளா துன்னுகினு இருந்தது சோறு இல்லீங்க, சதி” என்றாள்.

அப்புறம் வரிசையாக வந்தன. ‘உப்பு: ஒரு கொலைகாரனின் வரலாறு’, ‘முழங்கால் பேசுகிறது’, ‘மாத்திரைக்கு விடைகொடுப்போம்’. எல்லாம் எல்லப்பனார் எழுதியவை. எழுத்துக்கு வருவதற்கு முன் அவர் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தார். எதைத் தின்றால் எது சாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

மன்றத்தின் தலைவர் டில்லிபாபு. ஆயுள் காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் புஷ்பலதா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர், ஓய்வு பெற்றபோது விசிலை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. சாயங்காலம் உறுப்பினர்கள் கிழக்குப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து, உப்பில்லாத வரகுக் களியை வாயில் போட்டுக்கொள்வார்கள். ஒரு விசிலுக்கு மெல்ல வேண்டும். அடுத்த விசிலுக்கு விழுங்க வேண்டும். ஒருநாள் புஷ்பலதா முதல் விசிலை ஊதிவிட்டு, போன் வந்ததென்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார். மன்றமே வாயில் களியோடு உட்கார்ந்திருந்தது. சுதா களியோடுதான் வீட்டுக்கு வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன், பேசாதே என்று கையைக் காட்டினாள். பிறகு நான் செயலாளருக்குப் போன் போட்டு, போனில் அவர் விசில் ஊதி, அதை இவள் காதில் வைத்த பிறகுதான் விழுங்கினாள்.

உப்பு எரிப்புப் போராட்டமும் நடந்தது. கடைத்தெரு முனையில் உப்பு மூட்டைகளைக் கொட்டிக் கொளுத்தினார்கள். உப்பு எங்கேயாவது எரியுமா? மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், மண்ணெண்ணெய்தான் எரிந்தது. டில்லிபாபு மைக்கைப் பிடித்து, “நெருப்பாலேயே அழிக்க முடியாத இந்தப் பொருளை நாம் வயிற்றுக்குள் அனுப்புகிறோம்” என்றார். கைதட்டல் மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

காலில் புண் வந்தது மலையில்தான். முழங்கால் உறுதிக்கு எல்லப்பனார் கண்டுபிடித்த வழி, படியில் பின்னோக்கி ஏறுவது. மன்றத்தார் விடியற்காலையில் முருகன் கோயில் படியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஏறினார்கள். எதிரே மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு ஆந்திராவின் நகரிப் பக்கத்து ஜனங்கள் இறங்கிவந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெரியவர், “ஏமய்யா, சாமி மேல கோவமா?” என்று கேட்டாராம். அவர் மேல் மோதிவிடாமல் விலகியதில் சுதாவின் வலது காலில் மெட்டி போட்ட விரல் கல்லில் இடித்துக்கொண்டது. சின்னக் காயம். மற்றவர்களுக்கென்றால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

ஆறவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, “மாத்திரைய நிறுத்திட்டீங்களாம்மா? உடனே ஆரம்பிங்க. இல்லேன்னா இது விரலோட நிக்காது” என்றார்.

“எல்லப்பனாரு மாத்திர இல்லாமத்தான் டாக்டர் இருநூறு வயசு இருக்கப்போறாரு” என்றாள் சுதா. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அதனால்தான் எல்லப்பனார் மேடையில் சாய்ந்தபோது, பாவம் மனுஷன் என்று நினைத்த மறு நொடியே, இனி இவள் மாத்திரை போடுவாள் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. வீட்டுக்கு வந்து, “பாத்தியா, ஆளே போயிட்டாரு” என்றேன்.

“யாரு போனது? ஓய்வுல இருக்காரு” என்றாள். அதற்குள் மன்றத்திலிருந்து எல்லாருடைய போனுக்கும் செய்தி வந்துவிட்டது. யாரும் இரங்கல் தெரிவிக்கக் கூடாது. யாரும் அழவும் கூடாது, கண்ணீரில் உப்பு இருக்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நான் உச்சிவேளையில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைப்பது வழக்கம். மன்றத்து வீடுகளில் உப்பு ஜாடி இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான், அதுவும் எனக்காக. அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பின்கதவில் யாரோ வந்து நின்றாற்போல் இருந்தது, திரும்பிப் பார்த்தேன். எல்லப்பனார் நின்றிருந்தார். விழாவில் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ‘நூலாசிரியர்’ என்ற பட்டை. உதடு வறண்டு வெடித்திருந்தது. நல்ல வெயில் அடிக்கிறது, அவருக்கு மட்டும் தரையில் நிழல் இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. குழம்பைப் பார்த்தார். பிறகு உப்பு ஜாடியைப் பார்த்தார். அவ்வளவுதான், காணோம்.

குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பில்லை. ஒரு பிடி போட்டேன், இல்லை. இன்னொரு பிடி போட்டேன், அப்போதும் இல்லை. ஜாடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டேன். ஆற்று மணலைக் கடித்தது போல் இருந்தது. பயந்தேன், அதை எதற்கு மறைக்க வேண்டும்?

கூடத்தில் படுத்திருந்த சுதாவும் அவரைப் பார்த்திருந்தாள். ஆனால் அவள் முகத்தில் பயமில்லை, பண்டிகை வந்தது போல் மலர்ந்திருந்தது. “ஐயா வந்துட்டுப் போறாருங்க! செத்தவரு யாராவது பட்டப்பகல்ல வருவாங்களா? நீங்கதான் போய்ட்டாருன்னு சொல்லிகினு இருந்தீங்க” என்றாள். அன்றைக்குக் கட்டுப் பிரிக்கும்போது விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது.

அதற்கப்புறம் தினமும் உச்சிவேளையில் வந்தார். எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. அடுத்த வீட்டு ஊறுகாய் சப்பென்று போயிற்று. பஸ் நிலைய ஓட்டலில் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு மாஸ்டரோடு சண்டைக்குப் போனார்கள். மாஸ்டர் குடும்பத்தின் மேல் சத்தியம் செய்தார். கருவாடு விற்கிறவள் தன் கூடையை முகர்ந்து பார்த்துவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். ஊரில் பேச்சே குறைந்துபோயிற்று. சோற்றைப் பிசைவார்கள், கதவுப் பக்கம் பார்ப்பார்கள், பாதியில் எழுந்து கைகழுவிவிடுவார்கள்.

மன்றம் இதற்கு வெற்றி விழா எடுத்தது. பட்டப்பகலில், சரியாக உச்சிவேளையில்.

டில்லிபாபு பேசினார்: “அன்பர்களே! நாம் உப்பை எரித்தோம், எரியவில்லை. இன்று அதுவே வெட்கப்பட்டு ஊரைவிட்டு வெளியேறிவிட்டது. சிலர் கேட்கிறார்கள், இந்தப் புத்தகத்துக்கு என்ன ஆதாரம் என்று. நான் வாழ்நாளெல்லாம் ஆயுளை விற்றவன். அந்தத் தொழிலில் ஒருவர் செத்தால் உடனே அவர் குடும்பமே வந்து வாசலில் நிற்கும். இங்கே பாருங்கள்! இத்தனை பதிப்பு போயிருக்கிறது. இந்தப் புத்தகத்தைப் படித்துச் செத்துப்போனேன் என்று இதுவரை ஒரே ஒரு வாசகராவது நேரில் வந்து புகார் சொன்னதுண்டா?”

கூட்டம் கைதட்டியது. கடைசி வரிசைக்குப் பின்னால், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த எல்லப்பனார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல் மெதுவாகக் கையைத் தூக்கினார். மேடையில் இருந்த யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், என் ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது.

மறுநாள் பொதட்டூர்பேட்டையிலிருந்து ரத்தினம்மாள் வந்தார். எனக்கு லுங்கி நெய்து தருபவர், எல்லப்பனாரின் கூடப்பிறந்த அக்கா. துணி மூட்டையைக் கடைப் பலகையில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நைனா, தறியில உக்காந்தா எதிர்ல வந்து நிக்கிறான்பா. வயித்தத் தொட்டுத் தொட்டுக் காட்டறான். நான் இன்னா பண்ணுவேன்? நாளான்னிக்குப் பதினாறு. படையல் போட்டு அனுப்பலேன்னா அவன் எங்க போவான்? மன்றத்துல கேட்டா, உயிரோட இருக்கறவருக்குக் கருமாதி பண்ணுவியா, போலீசுல சொல்லுவோம்னு மெரட்டறாங்க.”

இருவரும் மன்றத்துக்குப் போனோம். டில்லிபாபு முதலில் கத்தினார். புஷ்பலதாதான் யோசனை சொன்னார். “பண்ணட்டும் சார். படையலைக் காகம் எடுத்தால் ஐயா இறந்துவிட்டார். எடுக்காவிட்டால் இறக்கவில்லை. விளையாட்டு அறிவியலில் இதற்குக் களச் சோதனை என்று பெயர். ஆனால் இலையில் வைப்பது ஐயாவின் நூலில் உள்ளபடிதான் இருக்க வேண்டும்.”

வீட்டுக்கு வந்து சுதாவிடம் சொன்னேன். அவள் காலில் சுற்றியிருந்த கட்டை இறுக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “சரி. காக்கா எடுத்துச்சின்னா நான் மாத்திர போட்டுக்கறேன், ஆஸ்பத்திரிக்கும் வர்றேன். எடுக்கலேன்னா அப்புறம் நீங்க மாத்திர பேச்சே எடுக்கக் கூடாது. ஆங்?”

“ஆங்” என்றேன். வேறு என்ன சொல்வது? என் பெண்டாட்டியின் கால் ஒரு காக்கையின் வாயில் இருந்தது.

பதினாறாம் நாள், நந்தியாற்றங்கரை. ஆற்றில் தண்ணீர் கிடையாது, மணலும் முள்ளும்தான். மன்றம் முழுக்க வந்திருந்தது. சுதாவை ஆட்டோவில் அழைத்துவந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். காலில் ஈ மொய்த்தது, விசிறிக்கொண்டே இருந்தேன். தலைவாழை இலை போட்டு, நூலில் உள்ளபடி, முளைகட்டிய கொள்ளும், பாகற்காய்ச் சாறும், உப்பில்லாத வரகுக் களியும் வைத்தார்கள். டில்லிபாபு ஒலிபெருக்கியில், “கா, கா” என்று கூப்பிட்டார். புஷ்பலதா ஒரு விசில் ஊதிச் சோதனையைத் தொடங்கிவைத்தார்.

புளியமரத்தில் காக்கைகள் இருந்தன. இல்லையென்று சொல்ல முடியாது, மரமே கறுத்துக் கிடந்தது. ஒன்று இறங்கி வந்தது. இலையை ஒரு சுற்றுச் சுற்றியது. கொள்ளைப் பார்த்தது, களியைப் பார்த்தது, தலையைச் சாய்த்து டில்லிபாபுவைப் பார்த்தது. பிறகு மரத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

இலைக்கு எதிரே எல்லப்பனார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தாம் எழுதியதைத் தாமே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கையை நீட்டினார், களி வரை கொண்டுபோய்விட்டு இழுத்துக்கொண்டார். அத்தனை பாவமான முகத்தை நான் பார்த்ததில்லை.

“நிரூபணம்!” என்று டில்லிபாபு ஒலிபெருக்கியில் அலறினார். “காகம் எடுக்கவில்லை! ஐயா இறக்கவில்லை!” மன்றத்தார் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். சுதா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். விசிறியைக் கீழே போட்டுவிட்டேன். அவ்வளவுதான், இவளை இழந்தாயிற்று என்று நினைத்தேன்.

“தள்ளுங்கப்பா” என்று ஒரு குரல் கேட்டது. ரத்தினம்மாள் பையிலிருந்து ஒரு தூக்குப் பாத்திரத்தை எடுத்தார். இலையிலிருந்ததைப் புறங்கையால் வழித்து மணலில் தள்ளினார். அந்த இடத்தில் சுடுசோற்றை வைத்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, பக்கத்தில் மசால் வடைகளை அடுக்கினார்.

“என்னம்மா இது அக்கிரமம்! ஐயா தொடாத பொருள்!” என்றார் டில்லிபாபு.

“யாரு தொடல? மாசாமாசம் எங்க ஊட்டுக்கு வருவான். கதவச் சாத்திக்கினு வட துன்னுவான். ‘அக்கா, வெளிய சொல்லிடாத, புஸ்தகம் நல்லாப் போய்க்கினு இருக்குது’ம்பான். நானும் சொல்லல. இப்ப அவன் பசியோட நிக்கிறான், இனிமே நான் இன்னாத்துக்கு மூடி மறைக்கணும்?”

புஷ்பலதா பலங்கொண்ட மட்டும் விசிலை ஊதினார். காக்கைகளுக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. புளியமரம் அப்படியே கிளம்பிக் கீழே இறங்கியது. மலைப்பக்கம் இருந்ததெல்லாம் வந்தது. இலை தெரியவில்லை, மணல் தெரியவில்லை, எங்கும் சிறகு. “இவை வேறு யாருடைய காகங்களோ!” என்று டில்லிபாபு ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். முழங்கால் புத்தகம் அவருக்கு அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

காக்கைகளுக்கு நடுவில் எல்லப்பனார் இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்தார். மூக்கில் நீர் ஒழுக, கண்ணில் நீர் ஒழுக, விரலிடுக்கில் குழம்பு வழியத் தின்றார். தின்று முடித்து நிமிர்ந்தவர், சுதாவின் காலைப் பார்த்தார். அப்படியே தலையைக் குனிந்து, எச்சில் கையோடு அவளைக் கும்பிட்டார். அப்புறம் அங்கே காக்கைகள் மட்டும்தான் இருந்தன.

சுதா எழுந்தாள். நான் பிடிக்கப்போனேன், தட்டிவிட்டாள். நொண்டிக்கொண்டே போய், தூக்கில் ஒட்டியிருந்த குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“உப்பு இருக்குதுங்க” என்றாள். அவ்வளவு நாளும் அழாததையெல்லாம் சேர்த்துவைத்து அழுதாள். பிறகு தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆட்டோவக் கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றாள்.

காலைக் காப்பாற்றிவிட்டார்கள். விரலைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த விரலில் நான் போட்ட மெட்டியை நர்ஸ் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தபோது, வராந்தாவில் நின்று நானும் அழுதேன். ஆனாலும் சுதா வேளை தவறாமல் மாத்திரை போட்டாள். கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது. எல்லாம் முடிந்துபோயிற்று என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், சுதா கஞ்சியை ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினாள். என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்துப் பார்த்தேன். உப்பில்லை.

பக்கத்துக் கட்டிலில் மணியம்மை என்ற அம்மாள். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் காலில் கட்டு. நர்ஸ் கொடுத்த மாத்திரைகளைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு புத்தகத்தில் மூழ்கியிருந்தார். புது மையின் வாசனை எங்கள் கட்டில் வரை வந்தது. எட்டாம் பதிப்பு, பெயரும் மாறியிருந்தது: ‘முன்னூறு வயது: மேலும் எளிய வழி’. நான் எட்டி, விரித்திருந்த பக்கத்தைப் படித்தேன். எட்டாம் பதிப்புக்கு ஆசிரியரின் முன்னுரை. ‘அண்மையில் நான் மேற்கொண்ட ஆழ்ந்த ஓய்வில் கண்டறிந்த உண்மைகளை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதில் மகிழ்கிறேன்’ என்று தொடங்கி, ‘அன்புடன், எல்லப்பனார்’ என்று முடிந்திருந்தது.

ஜன்னல் கம்பிக்கு வெளியே அவர் நின்றிருந்தார். அதே வெள்ளைச் சட்டை, உதட்டில் அதே வெடிப்பு. இத்தனை நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“நீங்க காரியம் பண்ணி அனுப்பி வச்சீங்க. மன்றத்துக்காரங்க முன்னுரை எழுதி மறுபடியும் இட்டாந்துட்டாங்க” என்றார். “பசிக்குதுப்பா.”

நான் கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சுதா பயப்படவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். மணியம்மையின் தலையணையைப் பார்த்தாள். கட்டுப் போட்ட காலை மெதுவாக நகர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, கீழ கேண்டீன்ல வட போட்டுகினு இருப்பாங்க. சூடா வாங்கினு வாங்க” என்றாள். “அவரு துன்றத இந்தம்மா கண்ணால பாக்கட்டும்.”